மிதித்தவுடன் எழும் டர்போ: சாலையில் ஓட்டும் காருக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பிஸ்டன்களும் கனெக்டிங் ராடுகளும் வலுவானவையாக மாற்றப்பட்டுவிட்டன. 350 ஹெச்.பி. அளவுக்குச் சக்தி வேண்டும். அன்றாடம் ஓட்டும் கார் என்பதால் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் இழுக்கவும் வேண்டும். நண்பர்களோ, “பிற்பாடு இன்னும் சக்தி வேண்டும் என்று தோன்றும், இப்போதே 500 ஹெச்.பி. வரை தாங்கும் டர்போவை வாங்கிவிடு” என்கிறார்கள். எதைக் கேட்பது?

நண்பர்களைக் கேட்காதீர்கள். வளரும் பிள்ளைக்குத் தொளதொளவென்று சட்டை தைப்பதுபோல டர்போ வாங்கினால், அந்தத் தொளதொளப்பைத்தான் ஒவ்வொரு சிக்னலிலும் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். மிச்சம் வைத்து வாங்கிய அந்த 150 ஹெச்.பி.க்கு விலை உண்டு. அதைத் தினமும் 2000-க்கும் 4000-க்கும் இடைப்பட்ட ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகளில்) கட்ட வேண்டியிருக்கும்.

டர்போவில் இரண்டு சக்கரங்கள் ஒரே தண்டில் இருக்கின்றன: எரிந்து வெளியேறும் எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் டர்பைன், அதனால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர். அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். டர்போ “மந்தமாக இருக்கிறது” என்று சொல்பவர்கள் இரண்டு வெவ்வேறு குறைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, எஞ்சின் எந்த ஆர்.பி.எம்.முக்கு வந்தபிறகு டர்போவால் பூஸ்ட் தர முடிகிறது என்பது. அதற்குக் கீழே எவ்வளவு நேரம் மிதித்துக்கொண்டு காத்திருந்தாலும் பூஸ்ட் வராது. எக்ஸாஸ்ட் வாயு போதாது. இதைத் தொடக்க ஆர்.பி.எம். என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று, அந்த ஆர்.பி.எம்.முக்கு மேலே இருக்கும்போது மிதித்த கணத்துக்கும் முழு பூஸ்ட் வரும் கணத்துக்கும் நடுவே கழியும் நேரம். இதுதான் உண்மையான லேக். முதலாவது பெரும்பாலும் டர்பைனின் அளவையும் எஞ்சினின் கொள்ளளவையும் பொறுத்தது. இரண்டாவதில் சுழலும் பாகங்களின் எடையும் விட்டமும் வந்து சேர்கின்றன. இலகுவான சக்கரமும் பால் பேரிங்கும் (சிறு குண்டுகள்மீது தண்டைச் சுழலவிடும் தாங்கி) லேக்கைக் குறைக்கும், தொடக்க ஆர்.பி.எம்.மைப் பெரிதாக அசைக்காது. விலை உயர்ந்த பேரிங்குக்குப் பணம் கொடுத்தும் கார் 3500 வரை தூங்குகிறது என்று புலம்புபவர்கள் தவறான குறைக்கு மருந்து வாங்கியிருக்கிறார்கள்.

அதனால் டர்போ பட்டியலைத் திறப்பதற்கு முன் நீங்கள் எந்த ஆர்.பி.எம்.மில் வாழ்கிறீர்கள் என்று பாருங்கள். பந்தயத் தடத்தில் 7000-இல் கியர் மாற்றினால் எஞ்சின் ஏறத்தாழ 5000-க்கு இறங்கும். திரும்ப 7000-க்கு ஏறும். அங்கே 4200-இல் விழிக்கும் டர்போவிடம் யாரும் குறை காண மாட்டார்கள். சாலையில் அப்படியில்லை. மூன்றாம் கியரில் 2500-இல் உருண்டுகொண்டிருக்கும்போது முன்னால் இடம் கிடைக்கிறது, மிதிக்கிறீர்கள். அந்த இரண்டு மூன்று நொடிகளில் நடப்பதுதான் உங்கள் கார். உச்ச ஹெச்.பி. என்பது 6800-இல் மாதத்துக்குச் சில நொடிகள் எட்டிப்பார்க்கும் எண்.

கார் நிறுவனங்கள் இந்தப் பாடத்தை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டன. 1975-இல் வந்த போர்ஷே 930 டர்போவில் பூஸ்ட் தாமதமாகவும் திடீரென்றும் வரும்; வளைவின் நடுவே வந்தால் ஓட்டுபவர் கதி கலங்கும். 1970-களின் இறுதியில் ஸாப் 99 டர்போவைக் கொண்டுவந்தபோது வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். சிறிய டர்போவை வைத்துக் கீழேயே பூஸ்டை எழுப்பி, மிகுதியான வாயுவை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவின் வழியே வெளியேற்றினார்கள். உச்சியில் கொஞ்சம் இழந்தாலும் நடுவில் நிறையக் கிடைத்தது. இன்று ஷோரூமில் நிற்கும் டர்போ கார்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியின் வாரிசுகளே.

இப்போது அந்த 500 ஹெச்.பி. டர்போவின் விலையைக் கணக்கிடலாம். சக்கரத்தின் வழியே போகக்கூடிய காற்று விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 350-இலிருந்து 500-க்குப் போக 43 சதவீதம் கூடுதல் காற்று தேவை. விட்டம் ஏறத்தாழ 20 சதவீதம் பெருக வேண்டும். ஆனால் சுழற்சிக்கு எதிரான நிலைமம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. அப்படியானால் அது கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. “பெரிய சக்கரம் அதே பூஸ்டைக் குறைந்த சுழற்சியிலேயே தந்துவிடுமே?” என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. சக்கர விளிம்பின் வேகம்தான் பூஸ்டை முடிவு செய்கிறது; பெரிய சக்கரம் மெதுவாகச் சுழன்றே அந்த வேகத்தை எட்டிவிடும். அதையும் கழித்துவிட்டுப் பார்த்தால், சக்கரத்துக்குள் ஏற்ற வேண்டிய ஆற்றல் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. அப்போதும் சுமார் 70 சதவீதம் அதிகம். எக்ஸாஸ்ட் வாயுவைத் தருவதோ அதே 2.0 லிட்டர் எஞ்சின்தான். கூடுதல் ஆற்றல் காத்திருக்கும் நேரமாகத்தான் வந்து சேரும்.

சரி, 350 ஹெச்.பி.க்கு எவ்வளவு காற்று வேண்டும்? பெட்ரோல் எஞ்சினில் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்றுக்கு ஏறத்தாழ 9.5 முதல் 10 ஹெச்.பி. கிடைக்கும் என்பது எல்லோரும் கையாளும் தோராயம். அப்படியானால் நிமிடத்துக்கு 35 பவுண்டு. உங்கள் எஞ்சினால் அதை விழுங்க முடியுமா என்று மறுபக்கத்திலிருந்து சரிபார்க்கலாம். 7000 ஆர்.பி.எம்.மில் 2.0 லிட்டர் எஞ்சின், 95 சதவீத நிரப்புத் திறனோடு, நிமிடத்துக்கு 6650 லிட்டர் இழுக்கும். இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்த் தொகுதியில்) 1.2 பார் பூஸ்ட், அதாவது மொத்தம் 2.2 பார், அழுத்தத்தால் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டிய காற்றின் வெப்பம் 50 டிகிரி செல்சியஸ் என்று கொண்டால், ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 2.37 கிலோ. பெருக்கினால் நிமிடத்துக்கு 15.8 கிலோ; பவுண்டில் 35-க்கு ஒரு மயிரிழை கீழே. கணக்கு பொருந்துகிறது. 1.2 பார் பூஸ்டில் உங்கள் இலக்கு எட்டக்கூடியதே.

அடுத்து அழுத்த விகிதம். இன்டர்கூலரிலும் குழாய்களிலும் 0.1 பார் இழப்பு இருக்கும். ஆகவே கம்ப்ரசர் 2.3 பார் தர வேண்டும். ஏர் ஃபில்டர் சற்றுத் தடுப்பதால் கம்ப்ரசரின் வாயில் 0.98 பார்தான் இருக்கும். 2.3-ஐ 0.98-ஆல் வகுத்தால் 2.35. மலைப்பகுதியில் வசிப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்: கடல்மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. மேனிஃபோல்டில் அதே மொத்த அழுத்தமான 2.2 பாரை எட்ட அழுத்த விகிதம் 2.75-ஐத் தாண்டிவிடும், டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், எழுவதும் தாமதமாகும்.

35, 2.35 என்ற இந்த இரண்டு எண்களையும் டர்போ தயாரிப்பாளர் வெளியிடும் வரைபடமான கம்ப்ரசர் மேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்கோட்டில் காற்றின் அளவு, செங்குத்துக் கோட்டில் அழுத்த விகிதம். எல்லோரும் உச்சப் புள்ளியை மட்டும் குறித்துவிட்டு, “உள்ளே விழுகிறது, போதும்” என்று மேப்பை மூடிவிடுகிறார்கள். சாலைக் காருக்கு முக்கியமானது இடப்பக்கம். 3000 ஆர்.பி.எம்.மில் இதே எஞ்சின் இதே பூஸ்டில் நிமிடத்துக்குச் சுமார் 14 பவுண்டுதான் விழுங்கும். அந்தப் புள்ளியை அதே 2.35 உயரத்தில் வையுங்கள். 60 பவுண்டு தரும் பெரிய கம்ப்ரசர்கள் பலவற்றில் இந்தப் புள்ளி சர்ஜ் கோட்டுக்கு இடப்பக்கம் போய்விடும். அதாவது கம்ப்ரசர் தள்ளும் காற்றை எஞ்சின் ஏற்கவில்லை. காற்று திரும்பி வந்து சக்கரத்தின் மீது மோதி மோதிப் பின்வாங்குகிறது. அந்தப் படபடப்பு ஒலியை ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். முழு மிதியில் அந்த ஒலி தொடர்ந்து கேட்டால் அது த்ரஸ்ட் பேரிங் (தண்டு முன்பின் நகராமல் தாங்கும் பாகம்) அடி வாங்கும் ஒலி. உங்கள் உச்சப் புள்ளி மேப்பின் வலது விளிம்பை ஒட்டி, செயல்திறன் 68 சதவீதம் அளவுக்கு விழுந்திருந்தாலும் எனக்குக் கவலையில்லை. அங்கே நீங்கள் இருக்கப்போவது சொற்ப நேரம். நடு ஆர்.பி.எம். புள்ளிகள் நல்ல செயல்திறன் கொண்ட வளையங்களுக்குள் விழுகின்றனவா என்று பாருங்கள். இந்தக் கணக்குப்படி 40 முதல் 45 பவுண்டு வரை தரும் கம்ப்ரசர் உங்களுக்குப் போதும். அதிலேயே கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது.

ஆனால் மேப்பைக் கற்றுக்கொண்டவர்கள் விழும் குழி ஒன்று உண்டு: கம்ப்ரசரிலேயே ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று நினைப்பது. காரின் குணத்தை முடிவு செய்வது மறுபக்கம், டர்பைன். டர்பைன் சக்கரம் இன்கொனெல் போன்ற நிக்கல் உலோகக் கலவையால் ஆனது. அதன் அடர்த்தி அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு. எனவே சுழலும் கூட்டத்தின் நிலைமத்தில் பெரும்பங்கு டர்பைன் பக்கமே. அதே டர்பைனோடு கம்ப்ரசரை ஒரு படி பெரிதாக்கினால் கொஞ்சம்தான் இழப்பீர்கள்; டர்பைனை ஒரு படி பெரிதாக்கினால் நன்றாகவே உணர்வீர்கள். இதைத் தெரிந்துகொண்டு, சின்ன டர்பைனில் மிகப் பெரிய கம்ப்ரசரை மாட்டி விற்கும் “ஹைப்ரிட்” டர்போக்களும் இருக்கின்றன. காகிதத்தில் அழகாக இருக்கும். கீழே சர்ஜ், மேலே மூச்சுத்திணறல் என்று இரண்டு முனைகளிலும் மாட்டிக்கொள்ளும்.

டர்பைனில் முதலில் சக்கரத்தின் அளவு, பிறகு அதைச் சுற்றியுள்ள உறையான கூட்டின் ஏ/ஆர். வாயு சுற்றிவரும் பாதையின் குறுக்குவெட்டுப் பரப்பை, அந்தப் பரப்பின் மையத்துக்கும் தண்டின் மையத்துக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுத்தால் வருவதுதான் ஏ/ஆர். சிறிய ஏ/ஆர் என்றால் வாயு குறுகிய பாதையில் வேகம் பிடித்துச் சக்கரத்தின் மீது அடிக்கும். கீழேயே பூஸ்ட் எழும். பெரிய ஏ/ஆர் என்றால் மேலே தாராளம், கீழே சோம்பல். ஒரே டர்போவுக்கு 0.64, 0.86 என்பதுபோல இரண்டு மூன்று கூடுகள் கிடைக்கும். உங்களுக்கு ஐயத்துக்கு இடமில்லாமல் சிறியது. ஆனால் ஏ/ஆர் எண்ணை ஒரே டர்பைன் குடும்பத்துக்குள் மட்டும்தான் ஒப்பிட வேண்டும். பெரிய டர்பைனின் 0.64-உம் சிறிய டர்பைனின் 0.64-உம் ஒன்றல்ல. பெரிய சக்கரத்துக்குச் சிறிய கூடு மாட்டி அதைச் சிறிய டர்போவாக மாற்றிவிட முடியாது. எடை அப்படியே இருக்கும், மூச்சு மட்டும் அடைபடும். கம்ப்ரசர் கூட்டுக்கும் ஏ/ஆர் உண்டு. அதைப் பற்றித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சிறிய டர்பைனுக்கு விலை இல்லாமல் இல்லை. அந்த விலை பின்னழுத்தம். உங்கள் 1.2 பார் பூஸ்டுக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் 1.5 அல்லது 1.8 பார் இருந்தால் சாலைக் காருக்கு அது நியாயமான பேரம். 2.4-ஐத் தாண்டினால், அதாவது பூஸ்டைப்போல இரு மடங்குக்கு மேல் போனால், எரிந்த வாயு சிலிண்டரிலேயே தங்கத் தொடங்கும். வெப்பம் ஏறும், நாக் (எரிபொருள் கலவை தாறுமாறாக வெடிப்பது) வரும், இக்னிஷனை, அதாவது தீப்பொறி நேரத்தை, பின்தள்ள வேண்டியிருக்கும், பூஸ்டைக் கூட்டக் கூட்டச் சக்தி கூடாமல் நிற்கும். மேனிஃபோல்டில் ஒரு அழுத்த சென்சார் வைத்துப் பார்ப்பது அதிகச் செலவு பிடிக்கும் வேலையன்று. ஆனாலும் டர்போ மாற்றுபவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. இந்த ஒரு எண் தெரிந்தால் டர்பைன் சிறியதா பெரியதா என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொரு விலையும் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பூஸ்ட் மிகவும் சீக்கிரம் முழுதாக வந்தாலும் ஆபத்துதான். 2500 ஆர்.பி.எம்.மில் முழு டார்க்கை (திருப்பு விசையை) ஏற்றினால் கனெக்டிங் ராடுகள்மீது விழும் சுமை மிகக் கடுமையானது. எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின்களில் தாழ்ந்த வேகத்திலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் சிக்கலும் அந்த இடத்தில்தான் பதுங்கியிருக்கிறது. முன்சக்கர இழுவை கார் என்றால் டயர் வழுக்கும், ஸ்டீயரிங் பிடுங்கிக்கொண்டு போகும். சிறிய டர்போவை வாங்கிவிட்டு, பூஸ்டை 2500-இலிருந்து 3500 வரை படிப்படியாக ஏற விடும்படி எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வில் அமைப்பது நல்ல வழி. தாமதமாக எழும் டர்போவை எந்த மென்பொருளாலும் சீக்கிரம் எழுப்ப முடியாது. சீக்கிரம் எழும் டர்போவைக் கொஞ்சம் அடக்கி வைக்க முடியும்.

இரட்டை ஸ்க்ரோலைப் பற்றி, அதாவது வாயுவை இரண்டு தனிப் பாதைகளில் டர்பைனுக்குக் கொண்டுபோகும் கூட்டைப் பற்றி, நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு 180 பாகைக்கும் ஒரு வெடிப்பு. எக்ஸாஸ்ட் வால்வோ 220, 240 பாகை திறந்திருக்கிறது. ஆகவே ஒரு சிலிண்டர் தன் வாயுவை வெளியேற்றி முடிக்கும் தறுவாயில், இன்னும் வால்வு மூடாத நிலையில், அடுத்த சிலிண்டரின் பலமான அழுத்த அலை மேனிஃபோல்டில் வந்து மோதுகிறது. நான்கு குழாய்களும் ஒரே வாயில் சேர்ந்தால் அந்த அலையின் ஒரு பகுதி டர்பைனுக்குப் போகாமல் பக்கத்து சிலிண்டருக்குள் போகிறது. 1-3-4-2 என்ற வெடிப்பு வரிசை கொண்ட எஞ்சினில் 1-ஐயும் 4-ஐயும் ஒரு பாதையிலும், 2-ஐயும் 3-ஐயும் மற்றொரு பாதையிலும் டர்பைன் சக்கரம்வரை பிரித்தே கொண்டுபோனால், ஒவ்வொரு பாதையிலும் அலைகளுக்கு இடையே 360 பாகை இடைவெளி கிடைக்கிறது. அலை சிதறாமல் சக்கரத்தை அடைகிறது, சிலிண்டரும் சுத்தமாகக் காலியாகிறது. அதே சக்திக்கு முழு பூஸ்ட் சில நூறு ஆர்.பி.எம். முன்னதாக வரும். 2006-இல் இரண்டு டர்போக்களோடு வந்த பி.எம்.டபிள்யூ. என்54 எஞ்சினுக்குப் பிறகு, என்55-இல் ஒரே இரட்டை ஸ்க்ரோல் டர்போவுக்கு அவர்கள் மாறியது சும்மா அல்ல.

இதில் அரைகுறை வேலைக்கு இடமில்லை. பிரிந்த மேனிஃபோல்டு, பிரிந்த கூடு, இரண்டு பாதைகளுக்கும் தனித்தனி வேஸ்ட்கேட் அல்லது தடுப்புச் சுவரோடு கூடிய ஒரே வேஸ்ட்கேட் எல்லாம் வேண்டும். இரட்டை ஸ்க்ரோல் கூட்டை வாங்கிச் சாதாரண மேனிஃபோல்டில் மாட்டினால், நடுச்சுவர் வெறும் தடையாக நிற்கும். மேனிஃபோல்டைப் புதிதாகச் செய்யப்போகிறீர்கள் என்றால் இரட்டை ஸ்க்ரோலுக்குப் போங்கள். பழைய மேனிஃபோல்டே இருக்கும் என்றால் சிறிய ஒற்றை ஸ்க்ரோல் கூடு போதும். குழாய்கள் எத்தனை நீளம் என்ற சண்டையில், சாலைக் காருக்குக் குட்டையும் ஒடுக்கமுமான மேனிஃபோல்டுதான் என் தேர்வு. வெப்பமும் அலையும் வழியில் வீணாகாது.

“அப்படியானால் இரண்டு சிறிய டர்போக்கள்?” என்பது அடுத்து வரும் கேள்வி. மேலே சொன்ன கணக்கின்படி, அதே காற்றை இரண்டாகப் பிரித்தால் ஏற்ற வேண்டிய ஆற்றல் 30 சதவீதம் குறையும். ஆனால் சக்கரம் சிறுக்கச் சிறுக்கக் கூட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான இடைவெளியில் கசியும் பங்கு கூடும், வெப்ப இழப்பும் கூடும், செயல்திறன் விழும். வி6, வி8 எஞ்சின்களில் இருபுறமும் ஒவ்வொன்று வைக்க வசதி, அங்கே சரி. நான்கு சிலிண்டருக்கு இது இரு மடங்கு குழாய், இரு மடங்கு கசிவு.

பேரிங்கைப் பொறுத்தவரை, பணம் இருந்தால் பால் பேரிங் வாங்குங்கள். உராய்வு குறைவதால், முக்கியமாக எஞ்சின் தாழ்ந்த வேகத்தில் இருக்கும்போது, சக்கரம் எளிதாகச் சுழன்றுகொண்டே இருக்கும். கியர் மாற்றியபின் பூஸ்ட் திரும்புவதும் சீக்கிரம். எண்ணெய் வரும் வழியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் தேவைப்படும் மாடல்கள் உண்டு. அதை மறந்துவிட்டு, புகை வருகிறது, டர்போ மோசம் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல ஜர்னல் பேரிங் (குண்டுகள் இல்லாமல் எண்ணெய்ப் படலத்தில் தண்டு சுழலும் வகை) டர்போ சரியான அளவில் இருந்தால், தவறான அளவிலுள்ள பால் பேரிங் டர்போவை எந்நாளும் வெல்லும்.

டர்பைன் சக்கரத்தை டைட்டானியம் அலுமினைடால் செய்தால் இன்கொனெலின் எடையில் ஏறத்தாழப் பாதிதான். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனின் சில மாடல்களில் இது வந்தது, போர்க்வார்னரின் ஈ.எஃப்.ஆர். வரிசையில் இன்றும் இருக்கிறது. லேக்கைக் கண்கூடாகக் குறைக்கும். ஆனால் உலோகம் நொறுங்கும் தன்மையுடையது. ஒரு சிறு துணுக்கு உள்ளே போனாலும் இதழ் உடையும், அளவு மீறிய சுழற்சியையும் மன்னிக்காது. நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். ஆர்32-இல் இருந்த செராமிக் டர்பைன்கள் பூஸ்டைக் கூட்டியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடமும் இதுதான். பெட்ரோல் எஞ்சின் கொண்ட போர்ஷே 911 டர்போவில் மாறும் இதழ்கள் கொண்ட டர்பைன் 2006-இல் வந்தது. டீசலைவிடப் பெட்ரோல் எக்ஸாஸ்ட் மிகவும் சூடானது, 1000 டிகிரியை நெருங்கும். அந்த வெப்பத்தைத் தாங்கும் இதழ்கள் விலை உயர்ந்தவை, கட்டுப்பாடும் சிக்கல். மின்மோட்டார் பொருத்திய டர்போக்களும் இப்போது தயாரிப்பு கார்களில் வருகின்றன. இவை இரண்டும் உங்கள் காருக்கு வெளியே.

டர்போவைச் சுற்றியுள்ளவற்றில் முதலில் பணம் போட வேண்டியது டர்பைனுக்குப் பின்னால் உள்ள குழாய். டர்பைன் வேலை செய்வது தனக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டில்தான். பின்னால் தடையைக் குறைத்தால் அதே வாயுவில் கூடுதல் வேலை கிடைக்கும். பூஸ்ட் முன்னதாக எழும், மேலேயும் நன்மை. இரண்டு பக்கமும் நன்மை தரும் மாற்றம் இந்தத் தொழிலில் அபூர்வம். 76 மில்லிமீட்டர் குழாய் உங்கள் சக்திக்குச் சரியான அளவு. வினையூக்கிக் கலனை (கேட்டலிடிக் கன்வர்ட்டரை) எடுத்துவிடும்படி சிலர் சொல்வார்கள்; நல்ல பாய்ச்சலுள்ள ஒன்றை வைத்தால் இழப்பு மிகக் குறைவு.

அடுத்து வேஸ்ட்கேட். ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் இலக்கு பூஸ்டுக்கு வெகு முன்பே கதவு மெல்லத் திறந்து வாயுவைக் கசியவிடும். மந்தமான டர்போ என்று முத்திரை குத்தப்பட்ட எத்தனையோ டர்போக்களின் உண்மையான நோய் இது. கதவை அசைக்கும் ஆக்சுவேட்டரின் இழுவிசையைச் சரிசெய்து, சோலனாய்டு (மின்வால்வு) கொண்டு இலக்கை நெருங்கும்வரை கதவை இறுக மூடி வைத்தாலே வேறு கார் போல இருக்கும். மேனிஃபோல்டு இணைப்பில் புகைக்கோடு தெரிந்தால் டர்போவைக் குறை சொல்லும் முன் அந்த கேஸ்கெட்டை மாற்றுங்கள். டர்பைன் கூட்டுக்கு வெப்பப் போர்வை போடுங்கள். வாயுவின் வெப்பம்தான் உங்கள் எரிபொருள்.

இதற்கு நேர்மாறாக, இன்டர்கூலர் பெரிதாக இருந்தால் லேக் வரும் என்ற அச்சத்தில் பெரும்பகுதி வீண். குழாயும் இன்டர்கூலரும் சேர்ந்து 10 லிட்டர் கூடுதல் கொள்ளளவு என்று வையுங்கள். அதை 1.2 பாருக்கு நிரப்பச் சுமார் 12 லிட்டர் சாதாரணக் காற்று வேண்டும். உங்கள் எஞ்சின் 3000-இல் பூஸ்ட் இல்லாமலே நொடிக்கு 45 லிட்டர் இழுக்கிறது; பூஸ்ட் ஏற ஏறக் கம்ப்ரசர் அதைவிடக் கூடுதலாகத் தள்ளுகிறது. நொடியின் ஒரு சிறு பகுதியில் நிரம்பிவிடும். சூடான காற்றால் இக்னிஷனைப் பின்தள்ளி இழக்கும் டார்க் அதைவிடப் பெரிய நஷ்டம்.

எஞ்சின் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பூஸ்ட் வருவதற்கு முந்தைய நொடியில் காரை இழுப்பது எஞ்சின் மட்டுமே. பழைய டர்போ எஞ்சின்களைப்போல கம்ப்ரஷன் விகிதத்தை (பிஸ்டன் சிலிண்டருக்குள் கலவையைச் சுருக்கும் அளவை) 8-க்கு இறக்காதீர்கள். நல்ல எரிபொருளும் கவனமான ட்யூனிங்கும் இருந்தால் 9 அல்லது 9.5 வைக்கலாம், கீழே கார் உயிரோடு இருக்கும். வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் பெரிய கேம்ஷாஃப்ட்டும் சிறிய டர்பைனும் ஒன்றுக்கொன்று பகை. பின்னழுத்தம் இருக்கும்போது இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருந்தால் எரிந்த வாயு உள்ளே திரும்பும். கேம் நேரத்தை மாற்றும் அமைப்பு இருந்தால் அது கிடைத்தற்கரிய வரம்: பூஸ்ட் எழும் இடத்தில், இன்டேக் அழுத்தம் எக்ஸாஸ்ட் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும் அந்தக் குறுகிய பரப்பில், இன்டேக் கேமை முன்னே நகர்த்தினால் புதிய காற்று சிலிண்டரைக் கழுவிக்கொண்டு போகும், டர்போ முன்னதாகவே எழும். நல்ல ட்யூனர் ஒரு நாள் முழுக்க இதில் செலவிட்டால் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள். கொள்ளளவைக் கூட்டுவது இன்னும் நேரடியானது. 2.0-ஐ 2.3 ஆக்கினால் ஒவ்வொரு ஆர்.பி.எம்.மிலும் 15 சதவீதம் கூடுதல் வாயு. 3500-இல் எழுந்த டர்போ 3000-ஐ ஒட்டி எழும். உங்கள் எஞ்சின் ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டதால் இது காலம் கடந்த யோசனை.

எக்ஸாஸ்டில் எரிபொருளை வெடிக்கவிட்டு டர்போவைச் சுழற்றும் ஆன்டி-லேக் அமைப்பு ராலி கார்களுக்கானது. டர்பைனை ஒரு பருவத்தில் தின்றுவிடும். வேண்டாம்.

மலிவான நகல் டர்போக்களைப் பற்றியும் ஒரு சொல். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பாகத்தில் சமநிலையும் உலோகத்தின் தரமும் பேரம் பேசும் விஷயங்கள் அல்ல. மேப்பே வெளியிடாத டர்போவுக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கையும் போட முடியாது என்பதே என்னைப் பொறுத்தவரை போதுமான காரணம்.

ஆக உங்கள் காருக்கு: 60 மில்லிமீட்டரை ஒட்டிய கம்ப்ரசர் சக்கரம், அதற்குச் சமமான அளவு டர்பைன், கிடைக்கும் கூடுகளில் சிறியது, முடிந்தால் பால் பேரிங். பழைய தலைமுறையில் கேரட் ஜிடி2860ஆர்எஸ், புதியவற்றில் போர்க்வார்னர் ஈ.எஃப்.ஆர். 6258 ஆகியவை இந்த அளவைச் சுற்றி வருபவை. இவற்றில் 350 என்பது மேல் விளிம்புக்கு அருகிலோ நடுவிலோ விழும். இரண்டுமே எனக்குச் சம்மதம். மற்றவை ஒழுங்காக இருந்தால் முழு பூஸ்ட் 3000-க்கும் 3500-க்கும் நடுவே வர வேண்டும்.

பிறர் காட்டும் டைனோ (எஞ்சின் சக்தியை அளக்கும் இயந்திரம்) வரைபடங்களை நம்பி இதை ஒப்பிடும்போது கவனம் தேவை. சுமையை ஏற்றி எஞ்சினை மெதுவாக ஏறவிட்டால் எந்த டர்போவும் சீக்கிரம் எழுந்ததுபோலத் தெரியும். உயர்ந்த கியரில் எடுத்த வரைபடமும் அப்படித்தான். எந்த கியர், எத்தனை நொடி என்று கேளுங்கள். உங்கள் காரில் நீங்களே அளப்பதற்கு, ஆளில்லாத பாதுகாப்பான இடத்தில், மூன்றாம் கியரில் 3000-இல் நிலையாகப் போய்க்கொண்டிருந்து ஒரே மிதியாக மிதியுங்கள், இ.சி.யு. பதிவில், த்ராட்டில் முழுதாகத் திறந்த கணத்திலிருந்து இலக்கு பூஸ்டில் 90 சதவீதத்தை எட்டும்வரை கழிந்த நேரத்தைப் பாருங்கள். அதே சோதனையை டர்போ மாற்றுவதற்கு முன்பும் ஒருமுறை செய்து பதிவை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் புதிதாகப் பணம் கொடுத்து வாங்கியது எதுவும் முதல் வாரத்தில் வேகமாகத்தான் தோன்றும்.